‘இன்’னா, ‘ஆன்’னா, ‘அட்’டா? கூகுள் என்கிராம் வியூவர்: ஒரு ஓஇடி டீச்சரின் மதிப்புரை

கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவர் 2010 டிசம்பரில் வெளிவந்தது. இலவசம்தான். கணக்கு தொடங்க வேண்டியதில்லை. மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் ஒரு சொற்றொடரைப் போட்டால், அச்சான புத்தகங்களில் அது எந்த ஆண்டில் எவ்வளவு புழங்கியது என்று ஒரு கோடு வரைந்து காட்டும். அவ்வளவுதான் இதன் வேலை. ஆராய்ச்சிக்காரர்கள் இதை வைத்து என்னென்னவோ செய்கிறார்கள். நான் செய்வது ஒன்றே ஒன்று: ஆங்கிலத்தில் எந்தச் சொல்லின் பக்கத்தில் ‘இன்’ வரும், எதன் பக்கத்தில் ‘ஆன்’ வரும், எதற்கு ‘டு’, எதற்கு ‘வித்’ என்ற வழக்கைத் தீர்ப்பது. அந்த வேலைக்கு இதற்கு 5-க்கு 3.5 கொடுப்பேன். மீதி 1.5 எங்கே போனது என்பதையும் சொல்கிறேன்.

நான் நாகர்கோவிலில் நர்ஸ்களுக்கு ஓஇடி பாடம் எடுக்கிறவள். வெளிநாட்டில் வேலைக்குப் போகும் மருத்துவத் துறையினர் எழுதும் ஆங்கிலத் தேர்வு அது. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் 2017 நவம்பரிலிருந்து அதை ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஐஇஎல்டிஎஸ்ஸை விட்டுவிட்டு இதற்கு வந்துவிட்டார்கள். எழுத்துத் தேர்வு 45 நிமிடம். நோயாளியின் குறிப்புகளைக் கையில் கொடுப்பார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். 180 முதல் 200 சொற்களுக்குள் இன்னொரு நர்ஸுக்கோ டாக்டருக்கோ கடிதம் எழுத வேண்டும்.

அந்த 200 சொல்லுக்குள் எத்தனை குட்டிச் சொற்கள் வரும் என்று நினைக்கிறீர்கள்? நோயாளி ‘அட்மிட்டட் டு’ ஹாஸ்பிடல். ‘டயக்னோஸ்டு வித்’ நிமோனியா. பெனிசிலினுக்கு ‘அலர்ஜிக் டு’. ‘ஆன்’ ஆன்டிபயாட்டிக்ஸ். ‘ஆன்’ எ சாஃப்ட் டயட். ‘அட்’ ரிஸ்க். ‘இன்’ பெயின். ‘அண்டர்’ அப்சர்வேஷன். பத்து வருடம் ஐசியுவில் வேலை பார்த்த சிஸ்டருக்கு நோய் தெரியும், மருந்து தெரியும், டோஸ் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பேனா நிற்பதெல்லாம் இந்த இடங்களில்தான்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது இதுதான்: உள்ளே இருந்தால் ‘இன்’, மேலே இருந்தால் ‘ஆன்’, ஒரு புள்ளியில் இருந்தால் ‘அட்’. பெட்டிக்குள் பந்து, மேஜைமேல் பூனை என்று படம் போட்ட புத்தகங்களில் இது அழகாகப் பொருந்தும். ஆனால் பிரிட்டிஷ் நர்ஸ் தான் வேலை பார்க்கும் வார்டை ‘ஆன் த வார்டு’ என்கிறாள். வார்டின் கூரைமேலா நிற்கிறாள்? வலி ஒரு பெட்டியா, அதற்குள் ‘இன் பெயின்’ என்று ஆள் உட்கார்ந்திருக்க? அன்றாட ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான். இந்தக் குட்டிச் சொல் தனியாக வந்து அர்த்தம் சொல்வதில்லை, ஒரு குறிப்பிட்ட சொல்லோடு சேர்ந்து பழகிப்போய் வருகிறது. ஆகவே விதியைக் கேட்பதைவிட, ‘இந்தச் சொல் யாரோடு பழகுகிறது’ என்று கேட்பது பலன் தரும். அந்தக் கேள்விக்கு என்கிராம் வியூவர் நன்றாகவே பதில் சொல்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் ‘டயக்னோஸ்டு’தான். பெட்டியில் ‘டயக்னோஸ்டு வித்’, ‘டயக்னோஸ்டு ஆஸ்’ என்று நடுவில் கமா போட்டு இரண்டையும் கொடுங்கள். ‘ஆஸ்’ ரொம்பக் காலமாக இருந்து வருகிற ஆள். ‘வித்’தின் கோடோ வெகுகாலம் தரையோடு தரையாகக் கிடந்து, 1980-களுக்குப் பிறகு விறுவிறுவென்று ஏறுகிறது. இன்று நமக்கு இயல்பாகத் தெரியும் சொற்றொடர், நம் அம்மா காலத்து நர்சிங் புத்தகங்களில் அபூர்வம். பழைய பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு ‘டயக்னோஸ்டு ஆஸ் எ கேஸ் ஆஃப்’ என்று நீட்டி முழக்கி எழுதுகிற மூத்த சிஸ்டர்களிடம் ‘இது தவறு’ என்று சொன்னால் கோபம் வரும், அது நியாயமும்கூட. ‘இது பழசு, பாருங்கள், இப்போது எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்’ என்று கோட்டைக் காட்டினால் மறுபேச்சு இல்லை. எந்த இலக்கணப் புத்தகமும் இவ்வளவு சீக்கிரம் இந்த வேலையை முடித்துத் தராது.

இன்னொன்று ‘அட் ரிஸ்க்’. நர்சிங் கல்லூரியில் கேர் பிளான் எழுதிப் பழகிய எல்லாருக்கும் ‘ரிஸ்க் ஃபார் ஃபால்ஸ்’, ‘ரிஸ்க் ஃபார் இன்ஃபெக்‌ஷன்’ என்பது மனப்பாடம். அது நாண்டா என்ற அமைப்பின் நர்சிங் டயக்னோசிஸ் பட்டியலிலிருந்து வருகிறது. வட அமெரிக்க நர்சிங் டயக்னோசிஸ் சங்கமாகத் தொடங்கி, 2002-இல் நாண்டா இன்டர்நேஷனல் என்று பெயர் மாற்றிக்கொண்ட அமைப்பு அது. அந்தப் பழக்கத்தில் கடிதத்திலும் ‘ஷி ஈஸ் அட் ரிஸ்க் ஃபார் ஃபால்ஸ்’ என்று வரும். இங்கேதான் என்கிராமின் மொழித் தேர்வு கைகொடுக்கிறது. அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று இரண்டு தொகுப்புகள் தனித்தனியாக உண்டு. ‘அட் ரிஸ்க் ஆஃப்’, ‘அட் ரிஸ்க் ஃபார்’ இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், ‘ஃபார்’ அமெரிக்கப் பக்கத்துச் சரக்கு என்பதும், பிரிட்டிஷ் பக்கம் ‘ஆஃப்’ வைத்தே பேசுகிறது என்பதும் புரிந்துவிடும். இரண்டும் ஆங்கிலம்தான். மான்செஸ்டருக்குப் போகிறவள் ‘ஆஃப்’ என்று பழகிக்கொள்வது நல்லது, அவ்வளவே. ‘அட் த வீக்கெண்ட்’, ‘ஆன் த வீக்கெண்ட்’ கதையும் இதேதான்: முதலாவது பிரிட்டன், இரண்டாவது அமெரிக்கா. ரோஸ்டர் பற்றிப் பேசும்போது தினமும் தேவைப்படும்.

இனி இந்தக் கருவியில் பலருக்கும் தெரியாத இடத்துக்கு வருகிறேன். சொல்லுக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அந்த இடத்தில் அதிகமாக வரும் பத்துச் சொற்களை அதுவே எடுத்து வைக்கும். ‘அட் த’ போட்டு, ஒரு நட்சத்திரம், பிறகு ‘ஆஃப்’ என்று கொடுங்கள். ‘எண்ட்’, ‘டைம்’ எல்லாம் முன்னால் வந்து நிற்கும். ‘அட் தி எண்ட் ஆஃப்’, ‘அட் த டைம் ஆஃப்’ போன்றவை நான்கு சொல் சேர்ந்த ஒற்றைக் கட்டுகள், பிரித்து யோசிக்கக் கூடாதவை என்பதை நான் கரும்பலகையில் கத்திச் சொல்வதைவிட, அந்தப் பத்துக் கோடுகள் தெளிவாகச் சொல்லிவிடும். கடிதத்தில் ‘அட் த டைம் ஆஃப் டிஸ்சார்ஜ்’ என்று எழுதும் கை அதற்குப் பிறகு தடுமாறாது.

அந்த நட்சத்திரத்தோடு ஒரு கீழ்க்கோடும் ‘ஏடிபி’ (ADP) என்ற மூன்று எழுத்தும் சேர்த்தால், ‘இன்’, ‘ஆன்’ போன்ற முன்னிடைச் சொற்களை மட்டும் வடிகட்டித் தரும். ‘கம்ப்ளெயின்டு’ என்று எழுதி அதன் பக்கத்தில் இதைப் போட்டால் ‘ஆஃப்’, ‘அபௌட்’ என்று கோடுகள் பிரியும். ‘நெஞ்சு வலிக்கிறது என்றார்’ என்பதற்கு ‘கம்ப்ளெயின்டு ஆஃப்’, ‘சாப்பாடு சரியில்லை என்றார்’ என்பதற்கு ‘கம்ப்ளெயின்டு அபௌட்’. நோயாளி டாக்டர்மேல் புகார் கொடுத்தாரா, டாக்டரிடம் வலியைச் சொன்னாரா என்ற வித்தியாசம் இந்தக் குட்டிச் சொல்லில் தொங்குகிறது. கோடு இந்த வித்தியாசத்தைச் சொல்லாது, எந்தெந்த ஜோடி இருக்கிறது என்று மட்டும் காட்டும். அர்த்தத்துக்கு, படத்துக்குக் கீழே ஆண்டு வாரியாக இருக்கும் இணைப்பைத் தட்டி, கூகுள் புக்ஸில் வாக்கியங்களைப் பார்க்க வேண்டும். சில புத்தகங்களில் இரண்டு வரிதான் காட்டும். பெரும்பாலும் அந்த இரண்டு வரியே போதும்.

அந்த ஏடிபி ‘அட்போசிஷன்’ என்பதன் சுருக்கம். முன்னால் வருவது, பின்னால் வருவது இரண்டையும் அடக்கிய பெயர். தமிழில் பின்னால் ஒட்டியே பழகிய நம்மைப் போன்றவர்களையும் நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்களே என்று ஒரு சின்னச் சந்தோஷம் எனக்கு. ஆனால் தொகுப்பு வரிசையில் தமிழைத் தேடாதீர்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ரஷ்யன், இத்தாலியன், ஹீப்ரு, சீனம் இருக்கின்றன. தமிழ் இல்லை.

சரி, குறைகளுக்கு வருவோம்.

முதல் குறை, இந்தக் கருவி எண்ணுமே தவிர வாசிக்காது. ‘மேரீட் டு’ சரி, ‘மேரீட் வித்’ தவறு என்று வகுப்பில் சொல்லிவிட்டு என்கிராமைத் திறந்தால் ‘மேரீட் வித்’துக்கும் ஒரு கோடு ஓடும். பிள்ளைகள் உடனே, “டீச்சர், இதுவும் இருக்கே!” என்பார்கள். இருக்கத்தான் செய்யும். ‘மேரீட் வித் த்ரீ சில்ட்ரன்’ என்பது சுத்தமான ஆங்கிலம்: கல்யாணமானவர், மூன்று பிள்ளைகள் உண்டு. ஓஇடி கடிதத்தில் குடும்ப விவரம் சொல்லும் இடத்தில் அப்படியே எழுதலாம். கோட்டுக்கு இந்த ‘வித்’தும் அந்த ‘வித்’தும் ஒன்றுதான்.

‘இன் ஹாஸ்பிடல்’ இன்னும் மோசம். நோயாளியாகப் படுத்திருப்பதை பிரிட்டனில் ‘இன் ஹாஸ்பிடல்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘இன் த ஹாஸ்பிடல்’. இதை அப்படியே பெட்டியில் போட்டால் படம் குழப்பும். பிரிட்டிஷ் புத்தகத்தில் ‘இன் த ஹாஸ்பிடல் கிச்சன்’ என்று வந்திருந்தாலும் அது ‘இன் த ஹாஸ்பிடல்’ கணக்கில் சேரும். அமெரிக்கப் புத்தகத்தில் ‘இன் ஹாஸ்பிடல் காஸ்ட்ஸ்’ என்று வந்தால் ‘இன் ஹாஸ்பிடல்’ கணக்கில் விழும். இதற்கு ஒரு வழி உண்டு. முன்னால் ஒரு வினைச்சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள்: ‘டைடு இன் ஹாஸ்பிடல்’, ‘டைடு இன் த ஹாஸ்பிடல்’. சமையலறை தானாக விலகிவிடும், படமும் தெளியும். ஐந்து சொல் வரைதான் தேட முடியும் என்பதால் இந்த வித்தை எல்லா இடத்திலும் செல்லாது. ‘ஃபார் த லாஸ்ட் த்ரீ டேஸ்’ சரியாக ஐந்து, தப்பித்தது. ஒரு தேடலில் நட்சத்திரமும் ஒன்றுக்கு மேல் போட முடியாது.

இரண்டாவது குறை பெரியது. இது புத்தகங்களின் கணக்கு. வார்டில் பேசும் பேச்சோ, வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியோ இதில் இல்லை. லட்சக்கணக்கில் விற்ற நாவலும், நூலகத்தில் தூசி படிந்த ஆய்வறிக்கையும் இங்கே ஒரே மதிப்புதான், தலைக்கு ஒரு ஓட்டு. 20-ஆம் நூற்றாண்டு போகப் போக ஆங்கிலத் தொகுப்பில் அறிவியல் நூல்கள் நிறைய சேர்ந்துவிட்டன என்பதை 2015-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையே எடுத்துக் காட்டியது. ஆகவே ஒரு கோடு ஏறினால் மக்கள் அப்படிப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, பேராசிரியர்கள் அப்படி எழுதத் தொடங்கியிருக்கலாம். நர்ஸ் கடிதத்துக்கு இது பரவாயில்லை, ஏனென்றால் கடிதமும் எழுத்து நடைதான். பேச்சுத் தேர்வுக்கு இதை நம்பி இறங்கக் கூடாது.

சில்லறைக் குறைகளும் உண்டு. 1800-க்கு முந்தைய காலத்துக்குப் போகாதீர்கள். அன்றைய அச்சில் ‘எஸ்’ எழுத்து நீளமாக, ‘எஃப்’ மாதிரி இருக்கும். கணினி அதைப் பல இடங்களில் தப்பாகப் படித்து வைத்திருக்கிறது. இயல்பாகவே கோட்டை மூன்று வருடம் இந்தப் பக்கம், மூன்று வருடம் அந்தப் பக்கம் சேர்த்துச் சராசரியாக்கித்தான் காட்டும், ஆண்டைத் துல்லியமாகப் பார்க்க அதைப் பூஜ்யமாக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் பார்க்கும், ஆகவே வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘ஆன் அட்மிஷன்’ தனியாக, நடுவில் வருவது தனியாக எண்ணப்படும். இடப்பக்கம் இருக்கும் சதவீத எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பூஜ்யத்துக்குப் பின்னால் பூஜ்யமாக இருக்கும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நமக்கு வேண்டியது. 40 புத்தகங்களிலாவது வராத சொற்றொடரை இது காட்டவே காட்டாது. இது ஒருவிதத்தில் நல்லது: மாணவி தானே உண்டாக்கிய சேர்க்கையாக இருந்தால் ஒன்றுமே வராது, அதுவே பதில்.

பேச்சு வழக்குக்கு வேறு கடைக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மார்க் டேவிஸ் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட கோகா (COCA) என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பு இருக்கிறது. 1990 முதல் 2019 வரை, 100 கோடிச் சொற்களுக்கு மேல். டிவி, ரேடியோ உரையாடல்கள் தனி, நாவல் தனி, செய்தித்தாள் தனி, ஆய்வு நூல் தனி என்று வகை பிரித்துக் காட்டும். தேடிய சொல்லை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் வரும் சொற்களை வண்ணம் வண்ணமாகக் காட்டும் அந்தப் பட்டியல் ஒன்றுக்காகவே கோகாவை நான் என்கிராமுக்கு மேலே வைப்பேன். ஆனால் பதிவு செய்ய வேண்டும், இலவசமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு, முகப்பைப் பார்த்தால் பழைய ரயில்வே முன்பதிவுத் திரை ஞாபகம் வரும். வேலை முடிந்து களைத்து வருகிற நர்ஸிடம் இதைக் கொடுத்தால் ஓடிவிடுவாள். என்கிராமைக் கொடுத்தால் விளையாட்டாக நாலு தேடல் தேடுவாள்.

அதே பேராசிரியரின் குளோப் (GloWbE) என்ற இன்னொரு தொகுப்பு 2013-இல் வந்தது. 20 நாடுகளின் இணையப் பக்கங்கள், 190 கோடிச் சொற்கள். இந்தியாவும் இலங்கையும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கின்றன. என்கிராமில் இந்தியாவுக்கென்று ஒரு தொகுப்பு இல்லாத குறையை இது தீர்த்துவைக்கிறது. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று என்கிராமில் தேடினால், ‘டிஸ்கஸ் த’ பக்கத்தில் அது தரையில் ஊரும். குளோபில் தேடினால் ஆசிய நாடுகளின் கட்டங்களில் அது தெம்பாக உட்கார்ந்திருப்பது தெரியும். ‘கோப் அப் வித்’தும் நம் பக்கத்துப் பிள்ளைதான். பிரிட்டிஷ்காரர் ‘கோப் வித்’ என்று நிறுத்திவிடுவார். நாம் ‘கீப் அப் வித்’தைப் பார்த்து இதற்கும் ஒரு ‘அப்’ போட்டுக்கொண்டோம் போலிருக்கிறது.

இதையெல்லாம் ‘தப்பு ஆங்கிலம்’ என்று அடிக்கும் ஆட்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ‘அட்மிட்டட் இன் ஹாஸ்பிடல்’ என்றால் நாகர்கோவில் முதல் டெல்லி வரை எந்த டாக்டருக்கும் புரியும். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்றால் ஊரில் இல்லை என்று நம் எல்லாருக்கும் தெரியும். லீட்ஸில் வார்டு மேனேஜரிடம் அதைச் சொன்னால் எந்த ரயில் நிலையம் என்று கேட்பார். ஆளைப் பார்த்து மாற்றிப் பேசத் தெரிந்தால் போதும். ஆனால் ‘சின்ஸ் டூ டேஸ்’ விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ‘ரெண்டு நாளாகக் காய்ச்சல்’ என்பதை அப்படியே தூக்கி வைத்தால் ‘சின்ஸ் டூ டேஸ்’ வந்துவிடும். கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய நாளுக்கு ‘சின்ஸ்’. எப்போது ஆரம்பித்தது, எத்தனை நாள் நீடித்தது என்பதில்தான் மருந்தே தீர்மானமாகிறது, அங்கே மங்கலாக இருக்கக் கூடாது. ‘சின்ஸ் டூ டேஸ்’, ‘ஃபார் டூ டேஸ்’ இரண்டையும் என்கிராமில் ஒன்றாகப் போட்டுக் காட்டினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

யாருக்கு இது வேண்டாம்? பத்தாம் வகுப்பில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பிள்ளைக்கு வேண்டாம். அங்கே விடைத்தாளில் உள்ள ஒரு பதில்தான் மதிப்பெண். என்கிராம் இரண்டு பதில் இருக்கிறது என்று சொல்லி வீணாகக் குழப்பும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுத வராதவர்களுக்கும் வேண்டாம். அவர்கள் முதலில் நிறையப் படிக்கட்டும். ஓரளவு எழுதுவார்கள், ஆனால் இரண்டு வடிவமும் காதுக்குச் சரியாகவே படுகிறது, எதை எடுப்பது என்று நிற்கிறார்கள் என்றால், அவர்களுக்குத்தான் இது. மொழிபெயர்ப்பாளர்கள், அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவர்கள் இந்த வரிசையில் வருவார்கள்.

போனில் பார்க்கிறவர்கள் திரையைப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த திரையில் நாலு கோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி எது எதென்று தெரியாது. கோட்டின்மேல் விரல் வைத்தால் அந்த ஆண்டின் கணக்கு மேலெழும். என் வகுப்பில் ஓஇடி எழுதப் போகிறவர்கள் முதலில் ‘ஆன் டிஸ்சார்ஜ்’, ‘அட் டிஸ்சார்ஜ்’ இரண்டையும் பிரிட்டிஷ் தொகுப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அமெரிக்கத் தொகுப்புக்கு மாற்றிப் பாருங்கள். வியாழக்கிழமை வகுப்பில் அதிலிருந்துதான் தொடங்குவோம்.